கண்ணாடிக்கார அக்காவின் முகவாய்

கண்ணாடிக்கார அக்காவை ஓர் இடத்தில் உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியம். எங்கள் தோல் மருத்துவமனையின் காத்திருக்கும் அறையில் ஆறு நாற்காலிகள். முதல் நாள் வந்தபோது அரை மணி நேரத்துக்குள் ஆறிலும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டாள். சாய்ந்திருந்த படத்தை நேராக்கினாள். பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். எதிரில் படர்தாமரையைக் காட்ட வந்திருந்த பெரியவரின் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பொறுக்க முடியாமல் எழுந்துபோய் அவர் முகத்திலிருந்தே அதைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து விரல் நீளத் திருப்புளி ஒன்று வந்தது. இரண்டு திருகு.

"இப்பக் குனிஞ்சு பாருங்க, விழாது."

பெரியவர் பயந்துபோய்க் குனிந்தார். விழவில்லை. அக்கா அடுத்த நாற்காலிக்குப் போனாள். கைக்கு வேலை இல்லாத நேரமெல்லாம் அவளுடைய விரல்கள் முகவாயிலேயே இருந்தன, எதையோ தொலைத்துவிட்டுத் தடவித் தேடுகிற மாதிரி.

நான் அங்கே லேசர் அறையைப் பார்த்துக்கொள்கிறவள். வேண்டாத இடத்தில் முளைக்கிற முடியை வெளிச்சத்தால் சுட்டுக் குறைப்பது என் வேலை. பதினான்கு வருடம் ஆகிறது. எனக்குப் பொறுமை கம்மி என்று டாக்டரம்மாவிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை சொல்வார்கள். ஒரே கேள்விக்கு ஒரு நாளில் பத்துத் தடவை பதில் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். வலிக்குமா? ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டிவிட்ட மாதிரி இருக்கும். ஒரே தடவையில் போய்விடுமா? போகாது, ஆறு தடவையாவது ஆகும். திரும்ப வருமா? கொஞ்சம் வரும், வந்தால் வாருங்கள். இதைச் சொல்லும்போது என் வாய்தான் பேசும். மனது மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் கடைசிக் கேள்வி, 'இந்தச் சிகிச்சையில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' வழவழப்பான சருமம் என்று எழுதுவார்கள். கல்யாணத்துக்குள் முடிய வேண்டும் என்று எழுதுவார்கள். கண்ணாடிக்கார அக்கா எழுதியிருந்தது இது: 'காலையில் ஆறு மணி வரை தூங்க வேண்டும்.'

"இது தூக்க மாத்திரை குடுக்கிற இடம் இல்ல மேடம்," என்றேன்.

"மேடம் எல்லாம் வேணாம், அக்கான்னு சொல்லு," என்றாள். "தூக்கம் எனக்கு நல்லாத்தான் வருது. தூங்கத்தான் நேரமில்லை."

நாற்பத்தாறு வயது அவளுக்கு. முகவாயில் முதல் முடி பத்தொன்பதில் முளைத்தது. அன்று முதல் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமானதிலிருந்து நாலரை மணிக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த பெருக்கிக் காட்டும் கண்ணாடியைக் குழாயின் மேல் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றாக எடுப்பாள். எடுத்து முடித்தாலும் முடிந்ததாக இருக்காது. வெளியே வருவாள், விரல் ஒன்றைக் கண்டுபிடிக்கும், மறுபடி உள்ளே போவாள். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்க்கிற வீட்டுக்காரர் சரியாக ஆறு மணிக்குக் கண் விழிக்கிறவரை இதே ஓட்டம். அவருக்கு டிப்போவில் எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று தெரியும். வீட்டுக் குளியலறையில் ஒன்றரை மணி நேரம் விளக்கு எரிவது மட்டும் தெரியாது. பதினேழு வயது மகன் ஒருத்தன். அவன் தாடி வரவில்லையே என்று கன்னத்தில் ஏதோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு அலைகிறான்.

"அவனுக்கு வேணும், முளைக்கலை. எனக்கு வேணாம், விட மாட்டேங்குது. ஒரே வீட்டுக்குள்ள விலாசம் மாறிப் போச்சு," என்றாள்.

டாக்டரம்மா அவளை நன்றாகவே விசாரித்தார். மாதவிலக்கு ஒழுங்காக வந்ததா, எடை கூடியதா என்று கேட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹார்மோன் கொஞ்சம் முன்னே பின்னே இருந்ததால் மாத்திரையும் கொடுத்தார். "குறையும். அடியோட அழிஞ்சிடும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். கறுப்பு முடியில்தான் வெளிச்சம் வேலை செய்யும், வெள்ளை முடியில் செய்யாது. அதனால் முதலில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகப் பத்து நாள் பிடுங்காமல் வரச் சொன்னார். அந்தப் பத்து நாளும் கடையிலும் வீட்டிலும் பல்வலி என்று சொல்லி முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சமாளித்துவிட்டு வந்தாள் அக்கா. டாக்டரம்மாவுக்கு அன்று வேறு அவசரம். "நீங்களே பார்த்து எழுதிடுங்க," என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

நான் பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதுவதற்கே இப்போது கை கூசுகிறது.

நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து எனக்கும் வந்திருந்தது. களிம்பு டப்பாவில் இருப்பதைப் படிக்கக் கையை நீட்டி நீட்டி, கை நீளம் போதாமல் போய்விட்டது. ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்தது. போடவில்லை. அடுத்தவர் முகத்தை அழகாக்குகிற அறையில் கிழவி மாதிரி மூக்கில் கண்ணாடியோடு நிற்பதா என்று ஒரு வீம்பு. அன்றைக்கு விளக்கடியில் அக்கா முகவாயைத் தூக்கிக் காட்டியபோது எனக்குத் தெரிந்தது புகை படிந்த மாதிரி ஒரு நிழல். 'எல்லாம் கறுப்பு, தடித்த முடி' என்று எழுதினேன். எழுதிக்கொண்டே, பஸ்ஸில் கூட்டமாக இருந்ததா என்று அவளிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

பிறகு என் பாடத்தை ஒப்பித்தேன். பிடுங்கக் கூடாது, த்ரெட்டிங் கூடாது, வாக்சிங் கூடாது. வருவதற்கு முந்தின நாள் சவரம் மட்டும் செய்துகொள்ள வேண்டும். வெயிலில் அலையக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம் சிவந்திருக்கும், பயப்பட வேண்டாம். சுட்ட முடி இரண்டு வாரத்தில் தானாக உதிரும்.

அன்றைக்குக் காதோரம் ஓர் இடத்தில் மட்டும் சோதனைக்குச் சுட வேண்டியிருந்தது. கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டப் போனேன். அவள் அதை என் கையிலிருந்து பிடுங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இதையா எல்லாருக்கும் மாட்டறே? மூக்குத் தண்டு கோணிப் போச்சு. ஒரு பக்கம் வெளிச்சம் கசியும்."

படுக்கையில் உட்கார்ந்தபடியே அதை நிமிர்த்தித் தந்தாள். குளிர்ந்த ஜெல்லைத் தடவி ஒரு சுடு சுட்டேன். "அம்மாடி!" என்று துள்ளினாள். முடி கருகிய வாசனை வந்தது. காதோரம் இருந்த அந்தக் கொஞ்சம் பத்து நாளில் உதிர்ந்தும் போனது. கடையிலிருந்து போன் செய்து, "கொட்டிடுச்சு! கொட்டிடுச்சு!" என்று கத்தினாள். என்ன கொட்டியது என்று பின்னால் யாரோ கேட்பது எனக்கே கேட்டது.

அதன் பிறகு மாதம் ஒரு தடவை வந்தாள். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் படுக்கையில் கால்களை ஆட்டிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல், கழுத்தைத் திருப்பாதீர்கள் என்று நான் அதட்ட அதட்டப் பேசிக்கொண்டிருப்பாள். அப்படித்தான் அவளுடைய கதை எனக்குத் தெரிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இருபது வயதில் மூக்குக் கண்ணாடிக் கடையில் சேர்ந்தவள். கண்ணாடிச் சட்டம் துடைக்கத்தான் எடுத்தார்கள். இரண்டே வருடத்தில் ஒருத்தர் உள்ளே வரும்போதே அவருக்கு எந்த மூக்குத் தண்டு உட்காரும், எந்தக் காது மேலே இருக்கிறது, எந்தக் காது கீழே இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடியை முகத்தில் பொருத்துவதில் அந்தத் தெருவிலேயே அவளுக்கு மிஞ்சி ஆள் இல்லை.

ஆனால் அவள் பொருத்துவது பின்னாலிருந்து. உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் முன்னால் கொண்டுபோய் மாட்டுவாள். எல்லோரும் அதை ஏதோ தனித் திறமை என்று நினைத்திருந்தார்கள்.

"திறமையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்று என்னிடம் சொன்னாள். "கண்ணே தெரியாம வந்தவங்களுக்கு நான் கண்ணாடி மாட்டறேன். பளிச்சுன்னு தெரிய ஆரம்பிச்சதும் முதல்ல எதிர்ல இருக்கிறது யாரு? ஒரு சாண் தூரத்துல என் முகவாய். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு சின்னப் பொண்ணு, கண்ணாடியை மாட்டினதும், 'அம்மா, இந்த ஆன்ட்டிக்கு மீசை கீழ இருக்கு'ன்னுச்சு. அன்னிக்குப் பின்னாடி போனவதான், இன்னும் முன்னாடி வரலை."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். விரல் முகவாய்க்குப் போனது.

முடி மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு மாதமும், "அப்படியேதான்மா இருக்கு," என்பாள். வலிக்கிறதா என்றால், "முதல் நாள் மாதிரி இல்ல, சும்மா சூடா இருக்கு," என்பாள். கருகிய வாசனையும் வரவில்லை. புதிதாக மாட்டிய காற்றாடி வாசனையை நன்றாக வெளியே இழுக்கிறது போல என்று நினைத்தேன். கண்தான் போயிற்று, மூக்குக்கு என்ன கேடு வந்தது எனக்கு? அத்தனை அறிகுறியும் வாசலில் வந்து நின்று கூப்பிட்டிருக்கிறது. நான் காதில் வாங்கவே இல்லை.

நாலாவது தடவை எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. பதினான்கு வருட அனுபவத்தில் இப்படி அடம் பிடித்த முகவாயை நான் பார்த்ததில்லை. டாக்டரம்மாவைக் கேட்காமல் மெஷினில் சக்தியை ஒரு படி கூட்டினேன். மாநிறத்துக்கு அது அதிகம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். மறுநாள் அக்காவின் முகவாயில் தபால்தலை அளவில் இரண்டு பழுப்புத் தழும்புகள்.

டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்து, எட்டு வாரம் மெஷின் பக்கமே வரக் கூடாது என்றார். அவளை அனுப்பிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சுடறதுக்கு முன்னாடி பார்த்தீங்களா? புள்ளி இருந்துச்சா?"

சவரம் செய்த தோலில், உள்ளே வேர் இருக்கிற இடமெல்லாம் சின்னக் கரும்புள்ளியாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் சுட வேண்டும். பிடுங்கிய தோலில் புள்ளி இருக்காது. இதுதான் எங்கள் வேலையில் அரிச்சுவடி.

"இருந்துச்சு டாக்டர்," என்றேன்.

வாய் கூசாமல் பொய் சொன்னேன். அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவளோ களிம்பு தடவிக்கொண்டு கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். போனில் கூப்பிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்று வேறு கேட்டாள். மூன்று நாள் பொறுத்தேன். நாலாவது நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். எதற்குப் போகிறோம் என்று எனக்கே தெளிவில்லை. மன்னிப்புக் கேட்கவா, கண்ணாடி போடவா, இல்லை நம் தப்பு ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவா?

நீளமான, ஒடுக்கமான கடை. இரண்டு சுவரிலும் சட்டங்கள். கோடியில் கண்ணாடி வில்லைகளை அறுக்கிற அறையிலிருந்து கிர்ரென்று சத்தம். அக்கா ஒரு டிரைவருக்குப் பின்னால் நின்று அவர் காதுக்கு மேல் சட்டத்தை வளைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உட்காரு, உட்காரு. யாருக்குக் கண்ணாடி?"

"எனக்குத்தான். சும்மா, பார்க்கலாம்னு."

எழுத்து அட்டையை என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிப் பிடித்ததைப் பார்த்ததுமே சிரித்தாள். "என்னம்மா இது, அட்டையை அடுத்த தெருவுல பிடிக்கிறே?" சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒன்று மாற்றி ஒன்று போட்டாள், பின்னாலிருந்தே. மூன்றாவது வில்லையில் அட்டையின் கடைசி வரி கறுப்பாக எழுந்து நின்றது. என் கை ரேகை தெரிந்தது. நகத்தில் அழுக்கு தெரிந்தது. இரண்டு வருடமாக நான் எந்தப் புகைக்குள் உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"எப்படி இருக்கு?" என்று அவள் என் தோளுக்கு மேல் குனிந்து கேட்டாள். நான் சட்டென்று திரும்பினேன். ஒரு சாண் தூரத்தில் அவள் முகவாய்.

இரண்டு தழும்புகளும் தெரிந்தன. அவற்றைச் சுற்றிக் குழி குழியாகச் சிவந்த தோல். ஒரு கரும்புள்ளி கூட இல்லை. காலையில் பிடுங்கிய தடம் அப்படியே இருந்தது. தப்பிப்போன இரண்டு மூன்று முடி மட்டும் கடை விளக்கில் வெள்ளி மாதிரி மின்னியது.

"அக்கா, நீங்க பிடுங்கறீங்களா?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று பின்னறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். மேஜையில் திருகாணிகள் போட்ட கிண்ணம். அதன் பக்கத்தில், தூசி அளவு திருகாணியையும் தூக்குகிற ஊசிமுனை ட்வீசர். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்தத் தெருவிலேயே கூர்மையான ட்வீசரை நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டிருப்பவள் அவள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா! பிடுங்காதீங்க, பிடுங்காதீங்கன்னு! நாலு மாசமும் தண்டம். அத்தனையும் வெறும் தோல்ல சுட்டது!"

"உன்கிட்ட வரும்போது சுத்தமா வரணும்னுதான்மா பண்ணேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "வில்லையில தூசி இருந்தா வெளிச்சம் போகாது. துடைச்சாத்தானே போகும்? அதே மாதிரி, முடியைப் பிடுங்கிட்டா வழி திறந்து வெளிச்சம் நேரா குழிக்குள்ள இறங்கும்னு நினைச்சேன். வர்ற அன்னிக்குக் காலையில ஒண்ணு விடாம எடுத்துட்டு வருவேன்."

"கறுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான்க்கா வெளிச்சமே வேருக்கு இறங்கும். அதைப் பிடுங்கிட்டா பிடிக்க என்ன இருக்கு?"

"இதை நீ சொல்லலையே."

"பிடுங்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"பிடுங்காதேன்னு சொன்னே. ஏன்னு சொன்னியா?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லைதான். பதினான்கு வருடமாக யாருக்குமே சொல்லவில்லை. அந்த இடத்திலேயே என் பங்கையும் சொல்லியிருக்க வேண்டும். கண் தெரியாமல் சுட்டேன், புள்ளி இருந்ததாகப் பொய் சொன்னேன் என்று. சொல்லத் தைரியம் வரவில்லை. தப்பெல்லாம் அவளுடையது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எட்டு வாரம் சவரம் மட்டும்தான் என்று அதிகாரம் பண்ணிவிட்டுக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

"சவரமா? தடிச்சு முளைக்குமே!"

"முளைக்காது. யாரோ கிளப்பிவிட்ட கதை."

அந்த எட்டு வாரமும் அவள் தினம் போன் செய்தாள். "இன்னிக்குச் சொரசொரன்னு இருக்கு." "கை நிக்க மாட்டேங்குது, ட்வீசரை முதலாளி மேஜையிலயே பூட்டி வச்சுட்டேன்." "நேத்து ஒரே ஒண்ணை எடுத்துட்டேன், பரவாயில்லையா?" ஒரு நாள் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். ஒளித்து வைத்த சவரக் கத்தியை மகன் கண்டுபிடித்துவிட்டான். அப்பா தனக்காகத்தான் வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லியிருக்கிறான். டிப்போக்காரர் ஒன்றும் புரியாமல் முதுகில் தட்டிக்கொடுத்து, பார்த்துப் பண்ணு என்றிருக்கிறார். அக்கா தனக்கு இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று.

கடைசி மூன்று நாள் மட்டும் சவரமும் செய்யாமல் வரச் சொன்னேன். எண்ணிப் பார்த்துவிட்டு நானே சவரம் செய்து சுடுகிறேன் என்றேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் படுக்கையில் ஏறிப் படுத்து, கவசத்தைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள். தழும்புகள் நன்றாக மங்கியிருந்தன. நான் அவள் கடையில் போட்ட புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கை இழுத்து எண்ண ஆரம்பித்தேன். முப்பதைத் தாண்டும்போதே வெள்ளைதான் அதிகம் என்று தெரிந்துவிட்டது.

"மொத்தம் எவ்வளவு?"

"அறுபத்தி மூணு."

"கறுப்பு?"

"இருபத்தாறு."

மீதி என்ன என்று அவள் கேட்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டாள். "வெள்ளையை எல்லாம் நான்தான் பிடுங்கியாகணும். கறுப்பு போச்சுன்னா பாதி வேலை குறையும். அஞ்சே கால் வரைக்கும் தூங்கலாம். ஆறு ஆகாது." ஒரு பெருமூச்சு. "எல்லாம் இந்த ஆறு மாசத்துல வெளுத்ததா?"

தப்பிக்க வழி திறந்திருந்தது எனக்கு. ஆமாம்க்கா, வயசாகுதுல்ல என்று சொன்னால் முடிந்தது. அவளும் நம்பியிருப்பாள். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"இல்லக்கா. முதல் நாளே இருந்திருக்கும். எல்லாம் கறுப்புன்னு எழுதினது நான். அன்னிக்கு எனக்குக் கண் தெரியலை. நாலு தடவை சுட்டப்பவும் தெரியலை. புள்ளி இல்லைங்கறதைப் பார்த்திருந்தா முதல் மாசமே நிறுத்தியிருப்பேன். அது தெரியாமப் போய், அதிகம்னு தெரிஞ்சும் சக்தியைக் கூட்டினேன். டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன்."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். அவள் கால் ஆட்டுவதை நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

"அன்னிக்கு நீ என்ன பார்த்தே?"

"புகை மாதிரி ஒரு நிழல். அவ்வளவுதான்."

தழும்புக்குத் திட்டுவாள், வீணாய்ப் போன மாதங்களுக்குத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"இருபத்தேழு வருஷம்மா," என்றாள். "ஒருத்தருக்கும் காட்டலை. கட்டின புருஷனுக்குக் காட்டலை. பத்து நாள் வளர்த்து உன்கிட்ட வந்து காட்டினேன். உயிரே போச்சு எனக்கு. நீ பார்த்துட்டு, மூஞ்சி சுளிக்காம, பஸ்ல கூட்டமான்னு கேட்டே. வீட்டுக்குப் போய் அதையே நினைச்சு நினைச்சு அழுதேன், சந்தோஷத்துல. ஒருத்தி பார்த்துட்டா, பார்த்தும் சாதாரணமாப் பேசறான்னு. முடி குறையலைன்னு தெரிஞ்சும் மாசாமாசம் எதுக்கு வந்தேன்னு நினைக்கிறே?" குரல் உடைந்தது. "நீ பார்க்கவே இல்லையா?"

எத்தனையோ பேர் அந்தப் படுக்கையில் அழுதிருக்கிறார்கள். என்னால் ஒருத்தி அழுதது அதுதான் முதல் தடவை. மன்னிச்சுடுங்கக்கா என்றேன். அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கவசத்தைப் போட்டுக்கொண்டாள், கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், கதவு வரை போனாள். கைப்பிடியில் கை வைத்தபடி நின்றாள். மூன்று நாள் தாடியோடு வெளியே எங்கே போவது என்று யோசித்தாளோ, வேறு என்ன நினைத்தாளோ, எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தாள். பையைத் தரையில் வைத்துவிட்டுப் படுத்தாள். கவசத்தைக் கழற்றினாள். விளக்கைத் தன் கையாலேயே இழுத்து முகவாய்க்கு நேராக வைத்தாள்.

"இப்பத் தெரியுதில்ல?"

"தெரியுதுக்கா."

"பாரு."

நான் குனிந்து பார்த்தேன். உதட்டுக்குக் கீழே ஒரு கொத்து, சுருண்டு தோலோடு ஒட்டியது. இடது ஓரத்தில் விறைப்பாக நீட்டியது. தழும்பின் நடுவில் தன்னந்தனியாக ஒன்று. கழுத்து மடிப்புக்குள் இறங்கும் வரிசை. எதையும் விடவில்லை. அவள் கண்ணை மூடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் புருவத்தை, என் உதட்டை. அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். சாதாரணமாக ஏதாவது சொல்ல வேண்டும், அதுவும் உண்மையாக இருக்க வேண்டும். அவ்வளவு கஷ்டமான ஒன்றை அந்த அறையில் நான் செய்ததில்லை.

"கழுத்தைக் கொஞ்சம் தூக்குங்க," என்றேன். "தாடைக்கு அடியில ரெண்டை விட்டுட்டேன். அறுபத்தஞ்சு."

"அது ரெண்டும் என்ன?"

"ஒண்ணு வெள்ளை. ஒண்ணு கறுப்பு."

"அப்போ இருபத்தேழு," என்றாள். கழுத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.